கீழே போட்டால் சத்தம் கேட்குமா?

2012இல் கோவில்பட்டியில் கரண்ட் ஒரு மணி நேரம் இருக்கும், ஒரு மணி நேரம் இருக்காது. சில நாள் கூட்டிப் பார்த்தால் இல்லாத நேரமே கூடுதலாக வரும். இன்வெர்ட்டர் வைத்திருந்தவர்கள் வீட்டிலும் அது சார்ஜ் ஏற அவகாசம் இல்லாமல் கீச்சென்று கத்திவிட்டு அணைந்துவிடும். ராத்திரி ஏழு மணிக்குப் போனதும் பிள்ளைகள் இரண்டையும் கூட்டிக்கொண்டு, நாலு வீடு தள்ளியிருந்த அம்மா வீட்டுத் திண்ணைக்குப் போய்விடுவேன். அங்கே கொஞ்சம் காற்று வரும். பெரியவளுக்கு அப்போது பத்து வயது, சின்னவனுக்கு ஏழு.

முதல் பத்து நாள் அம்மாவின் விடுகதைகளில் ஓடியது. "வெள்ளைக்காரனுக்குக் கறுப்புத் தொப்பி, அது என்ன?" என்று அம்மா முடிக்கும் முன்பே இரண்டும் "தீக்குச்சி" என்று கத்தும். ஊரெல்லாம் தீப்பெட்டி ஆபீஸ். என் அப்பாவே ஒரு தீப்பெட்டி ஆபீசில் முப்பது வருஷத்துக்கு மேல் கணக்குப்பிள்ளையாக இருந்தவர். இங்கே வந்து தீக்குச்சியை விடுகதையாகப் போட்டால் எடுபடுமா? மற்றவையும் சீக்கிரம் தீர்ந்துபோயின. விடை தெரிந்த விடுகதை பழைய சோறு மாதிரி, ஒருமுறைக்கு மேல் சூடு பண்ண முடியாது.

அப்போதுதான் பெரியவள் பள்ளிக்கூடத்தில் இருந்து இந்த விளையாட்டைக் கொண்டுவந்தாள். ஒருத்தர் வீட்டில் புழங்குகிற சாமான் ஒன்றை மனதில் நினைத்துக்கொள்ள வேண்டும். மற்றவர்கள் கேள்வி கேட்க வேண்டும். நினைத்தவர் "ஆமா", "இல்லை" இரண்டில் ஒன்றைத்தான் சொல்லலாம். இருபது கேள்விக்குள் கண்டுபிடிக்காவிட்டால் நினைத்தவருக்கு ஜெயம். விடுகதையில் துப்பெல்லாம் முதலிலேயே கொட்டிக் கிடக்கும், நாம் முழிக்க வேண்டியதுதான். இதில் கேட்டால்தான் துப்பு.

புது விளையாட்டு ஒன்றும் இல்லை. அமெரிக்காவில் 1946இலும் பிபிசியில் 1947இலும் வானொலி நிகழ்ச்சியாகவே ஆரம்பித்து நடத்தியிருக்கிறார்கள். அங்கே எடுத்த எடுப்பிலேயே பொருள் விலங்கு வகையா, தாவர வகையா, கனிம வகையா என்று சொல்லிவிடுவார்களாம். பெரியவள் அந்த விதியையும் கொண்டுவரப் பார்த்தாள்.

"செருப்பு எதுலட்டி சேரும்?" என்று அம்மா கேட்டாள்.

"தோல் செருப்புன்னா விலங்கு ஆச்சி."

"அப்ப தலையணை?"

"இலவம்பஞ்சு தானே, தாவரம்."

"செருப்பு விலங்கு, தலையணை மரம். இது நமக்குச் சரிப்படாது பிள்ள." விதி அன்றைக்கே ரத்தானது.

அம்மா தன் பங்குக்கு ஒன்று செய்தாள். இருபது புளியமுத்தை எண்ணி ஒரு வெண்கலக் கும்பாவில் போட்டு நடுவில் வைத்தாள். ஒரு கேள்வி கேட்டால் ஒரு முத்து வெளியே. இந்த விளையாட்டுக்கு வேறு எதுவும் வேண்டாம், ஆனால் புளியமுத்து கட்டாயம் வேண்டும் என்பேன். வாயால் எண்ணினால் பதினோராவது கேள்வியிலேயே சண்டை வந்துவிடும். அதைவிட முக்கியம், கும்பாவில் முத்து குறைவதைக் கண்ணால் பார்த்தால் பிள்ளைகள் கேள்வியை வாயில் இருந்து விடும் முன்பு ஒரு நிமிஷம் யோசிக்கிறார்கள்.

சின்னவனுக்கு விளையாட்டு பிடித்தது, "இல்லை" மட்டும் பிடிக்கவில்லை. ஒவ்வொரு "இல்லை"க்கும் முகம் தொங்கிவிடும். அதனால் "ஆமா" வாங்குவதற்காகவே கேட்பான். "அது வீட்டுல இருக்கா?" ஆமா. "கண்ணுக்குத் தெரியுமா?" ஆமா. "தொட முடியுமா?" ஆமா. மூன்று முத்து காலி, கையில் ஒன்றும் இல்லை. அதற்குப் பிறகு நேரே குதித்துவிடுவான்: "கரண்டியா? தம்ளரா? வாளியா?" முத்து தீர்ந்ததும் அழுகை. நானும் ஏறத்தாழ அப்படித்தான் ஆடிக்கொண்டிருந்தேன், அழவில்லை, அவ்வளவுதான்.

அப்பா விளையாட்டில் சேரமாட்டார். திண்ணை ஓரத்தில் விசிறியோடு உட்கார்ந்து யார் எத்தனை ஜெயித்தார்கள் என்று எழுதிவைப்பார். அதற்கும் தனியாக நோட்டு கிடையாது. காலையில் எழுந்து பல் தேய்க்கும் முன்னாலேயே பட்டாசலில், அதாவது வீட்டுக் கூடத்தில், தொங்கும் தினசரிக் காலண்டரில் முந்தின நாள் தாளைக் கிழிப்பது அவர் வழக்கம். கிழித்ததை எறியமாட்டார். நாலாக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொள்வார், பின்பக்கத்தில் கணக்கெழுத.

ஒருநாள் சின்னவன் அழுதபோது அப்பா கூப்பிட்டார். "ஏலே, இங்க வா. வருசத்துல எதாவது ஒரு நாளை நினைச்சுக்கோ. ஒம்பது கேள்வில சொல்லிருதேன்."

"முந்நூத்தி அறுவத்தஞ்சு நாள் இருக்கு தாத்தா!"

"இருந்துட்டுப் போகட்டும். ஜூலை ஒண்ணாந்தேதிக்கு முந்தியா?"

"இல்லை!" சொல்லுகிற பக்கம் இருந்தால் அவனுக்கும் "இல்லை" இனித்தது.

"அக்டோபர் ஒண்ணுக்கு முந்தியா?"

"இல்லை!"

"நவம்பர் பதினஞ்சுக்கு முந்தியா?"

"...ஆமா."

அக்டோபர் 23க்கு முந்தியா, இல்லை. நவம்பர் 3க்கு முந்தியா, ஆமா. அக்டோபர் 29க்கு முந்தியா, இல்லை. அக்டோபர் 31க்கு முந்தியா, இல்லை. நவம்பர் 2க்கு முந்தியா, இல்லை. "அப்ப நவம்பர் ரெண்டு," என்றார் அப்பா. எட்டுக் கேள்விதான் ஆகியிருந்தது. சின்னவன் வாயைப் பிளந்தான். கூடப் படிக்கிற பையனின் பிறந்தநாளாம்.

"நீ எத்தனை தடவ இல்லைன்னு சொன்ன?"

விரல் விட்டு எண்ணினான். "ஆறு."

"ஆறு தடவ இல்லைன்னு சொன்ன. நான் அழுதேனா?"

பிறகு கணக்குப்பிள்ளை பாஷையில் ஒன்று சொன்னார். பேரேட்டில் பற்று எழுதினாலும் ஒரு வரி, வரவு எழுதினாலும் ஒரு வரி. எது வந்தாலும் கணக்கு நகர வேண்டும். "ஆமான்னா மட்டும் பிரயோசனம், இல்லைன்னா பிரயோசனம் இல்ல அப்படிங்கிற கேள்வியைக் கேக்கவே கேக்காத." காலண்டர் தாளைத் திருப்பி இரண்டு, நாலு, எட்டு, பதினாறு என்று இரட்டித்துக்கொண்டே போனார். பத்தாவது இடத்தில் 1,024 வந்தது. இருபதாவது இடத்தில் 10,48,576. "இருவது புளியமுத்துக்குப் பத்து லட்சத்துச் சொச்சம் சாமான் அகப்படணும். நம்ம வீட்டுல அவ்வளவு எங்க இருக்கு?"

இதையே 1948இல் க்ளாட் ஷானன் என்ற அமெரிக்கக் கணித அறிஞர் தன் கட்டுரையில் தகவலை அளக்கிற 'பிட்' என்ற அளவாக வைத்தார் என்று பெரியவள் பின்னால் கல்லூரியில் படித்துவிட்டு வந்து சொன்னாள். சரிபாதியாகப் பிரிக்கிற ஒரு ஆமா-இல்லை, ஒரு பிட். அப்பாவுக்கு அது தெரியாது, பேரேடு தெரியும்.

ஆனால் நாள்கள் காலண்டரில் வரிசையாக நிற்கின்றன. வீட்டுச் சாமான்கள் அப்படி நிற்பதில்லை. அவற்றைச் சரிபாதியாக வெட்டுகிற கேள்வி எது? எங்கள் விளையாட்டில் சுவையே இதைத் தேடியதுதான். இரும்பா, மரமா, பிளாஸ்டிக்கா, கண்ணாடியா, மண்ணா என்று கேட்டு ஐந்து முத்தைப் பறிகொடுத்த ஒரு ராத்திரி, பெரியவள் அடுத்த ஆட்டத்தில் கேட்டாள்: "கீழ போட்டா சத்தம் கேக்குமா?" ஒரே கேள்வி. கேட்கும் என்றால் பாத்திரம் பண்டம் எல்லாம் ஒரு பக்கம். கேட்காது என்றால் துணி, கயிறு, பஞ்சு, காகிதம். திண்ணையில் எல்லாரும் அவளைத் திரும்பிப் பார்த்தோம்.

அதற்குப் பிறகு இப்படிப்பட்ட கேள்விகளை ஆளாளுக்குத் தேட ஆரம்பித்தோம். "ஆச்சி சின்னப்பிள்ளையா இருந்தப்ப இது இருந்துச்சா?" என்பது அருமையான கேள்வி, வீட்டை ஏறக்குறைய நடுவில் வெட்டும். "தண்ணி பட்டா கெட்டுப்போகுமா?" பரவாயில்லை. "விருந்தாளி வந்தா எடுத்து ஒளிச்சு வைப்போமா?" என்பது நான் கண்டுபிடித்தது. விளக்குமாறு, கால்மிதி, கிழிந்த பாய் எல்லாம் அதில் மாட்டும். "அடுக்களையிலயா?" என்பதுதான் எல்லாரும் முதலில் கேட்பது. கேட்கலாம், தப்பில்லை, ஆனால் கத்தரிக்கோலும் தீப்பெட்டியும் வீடு முழுக்கத் திரியும் என்பதை ஞாபகம் வைத்துக்கொண்டு கேட்க வேண்டும். சாமான் எதனால் ஆனது என்பதைவிட, அதோடு நாம் எப்படிப் புழங்குகிறோம் என்று கேட்பது பெரும்பாலும் கூடுதலாக வெட்டுகிறது.

இவ்வளவு தேறியபிறகும் அம்மா எங்களை ஒருநாள் மண்ணைக் கவ்வ வைத்தாள்.

உயிர் உள்ளதா, இல்லை. ஆச்சி சின்னப்பிள்ளையாக இருந்தபோது இருந்ததா, ஆமா. கீழே போட்டால் சத்தம், இல்லை. துணியா, ஆமா. நாலு முத்தில் துணிக்கே வந்துவிட்டோம், பிள்ளைகளுக்குத் தலைகால் புரியவில்லை. உடுத்துவதா, இல்லை. "இப்ப வீட்டுல இருக்கா?" என்று சின்னவன் கேட்டான். அம்மா ஒரு நொடி வாசலைப் பார்த்தாள். "...ஆமா." படுக்கைக்கா, இல்லை. துடைக்கவா, இல்லை. ஆம்பளைகளும் பயன்படுத்துவார்களா, ஆமா. "தலைக்கா?" ஆமா.

பத்து முத்து மிச்சம் இருந்தது. தலையணை உறை என்றோம், தலைப்பாகை என்றோம், உருமால் என்றோம், தொப்பி, ரிப்பன், ஸ்கார்ஃப், தலை துவட்டுகிற துண்டு. கும்பா காலியானது.

அம்மா கொடியில் கிடந்த துண்டை உருவி முறுக்கினாள். வட்டமாகச் சுருட்டினாள். தலையில் வைத்துக்கொண்டு எங்களைப் பார்த்தாள். "சும்மாடு."

"அது துண்டு ஆச்சி! அழுகுணி ஆட்டம்!" என்று சின்னவன் குதித்தான்.

"துண்ட விரிச்சு அதுமேல குடத்த வச்சு ரெண்டு தெரு நட. பெறவு சும்மாட்டு மேல வச்சு நட. ரெண்டும் ஒண்ணான்னு அப்பம் சொல்லு." தண்ணீருக்குத் தெருத் தெருவாக அலைந்த ஊரில், அலைந்தவள் சொன்னால் அதற்கு மேல் பேச்சு ஏது?

அன்று ராத்திரி வீட்டுக்கு நடந்து போகும்போதும் நான் அதையே யோசித்துக்கொண்டிருந்தேன். சும்மாடு எங்களுக்குத் தெரியாத பொருளா? நானே சின்ன வயதில் சுருட்டித் தலையில் வைத்தவள்தான். "துணி" என்றதும் துணி என்றால் உடுத்துவது, விரிப்பது, துடைப்பது என்று மூன்று அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டோம். "தலைக்கு" என்றதும் தலைதான் முக்கியம் என்று நினைத்துவிட்டோம். அதற்கு மேலே இன்னொரு பொருள் உட்காருமா என்று ஒருத்தருக்கும் கேட்கத் தோன்றவில்லை. பத்துக் கேள்வியில் பத்துத் துப்பு கிடைத்தது, மிச்சப் பத்தையும் யூகத்தில் இறைத்தோம். ஐந்து கேள்விக்கு ஒருமுறை நிறுத்தி இதுவரை தெரிந்தது என்ன, தெரிந்ததாக நாமே நினைத்துக்கொண்டது என்ன என்று யாராவது ஒருத்தர் சத்தமாகச் சொல்லிப் பார்த்தால் இந்தக் குழியில் விழமாட்டோம். அதற்குப் பிறகு அந்த வேலையைப் பெரியவள் எடுத்துக்கொண்டாள். பதினைந்தாவது முத்து வரை யாரும் பெயர் சொல்லக் கூடாது என்ற விதியும் அவள் போட்டதுதான்.

இன்னொன்று. "இப்ப வீட்டுல இருக்கா?" என்றதற்கு அம்மா தயங்கினாளே, அந்த ஒரு நொடிக்கு முத்து எதுவும் செலவில்லை. துண்டு இருக்கிறது, சும்மாடு இப்போது இல்லை, வேண்டுமென்றால் அரை நிமிஷத்தில் வரும். இதை "ஆமா" என்பதா, "இல்லை" என்பதா? தப்பு அம்மாவுடையது இல்லை, இரண்டு பதிலுக்குள் அடங்காத கேள்வி அது. அதனால் அன்றைக்குப் பிறகு மூன்றாவதாக ஒரு பதிலையும் சேர்த்தோம்: "பாதி". வாயால் சொல்ல வேண்டாம், உள்ளங்கையை இப்படியும் அப்படியும் ஆட்டினால் போதும். "பாதி" வந்தால் முத்து கும்பாவுக்கே திரும்பிவிடும்.

பதில் சொல்கிறவருக்குத்தான் உண்மையில் கஷ்டம் அதிகம் என்பதை எங்கள் வீட்டில் தாமதமாகப் புரிந்துகொண்டோம். கேட்கிறவன் தப்பாகக் கேட்டால் ஒரு முத்து போகும். பதில் சொல்கிறவன் தப்பாகச் சொன்னால் ஆட்டமே போகும். சின்னவன் ஒரு கட்டத்தில் யாராலும் தோற்கடிக்க முடியாதவன் ஆனான். எப்படி என்று பார்த்தால், நாங்கள் கிட்டே நெருங்கியதும் மனதில் உள்ள சாமானையே மாற்றிக்கொண்டிருந்தான். ஏற்கெனவே சொன்ன பதில்களுக்குப் பொருந்துகிற மாதிரி இன்னொன்றுக்குத் தாவிவிடுவான். திட்டினேன், கடுகு டப்பா மூடிக்கு அடியில் பெயரை எழுதிவைத்துவிட்டு ஆடு என்றேன். பல வருஷம் கழித்துத்தான் தெரியும், ஜான் வீலர் என்ற பெரிய இயற்பியலாளருக்கு அவர் நண்பர்கள் இதையே செய்திருக்கிறார்கள். அவரை அறைக்கு வெளியே அனுப்பிவிட்டு, எந்தப் பொருளையும் நினைப்பதில்லை, முந்தைய பதில்களோடு முரண்படாமல் ஆளாளுக்கு ஏதாவது சொல்லிக்கொண்டு போவது என்று பேசி வைத்துக்கொண்டார்கள். கேட்கக் கேட்க அவர்கள் பதில் சொல்ல எடுத்துக்கொண்ட நேரம் கூடிக்கொண்டே போனதாம். கடைசியில் அவர் "மேகமா?" என்று கேட்க, எல்லாரும் சிரித்துவிட்டு ஆமாம் என்றார்கள். கேள்விகளாலேயே உருவான பொருள். குவாண்டம் இயற்பியலை விளக்க அவர் இந்தக் கதையைச் சொல்வாராம். என் பிள்ளைக்கு நான் கொடுத்தது ஒரு குட்டு.

இரண்டு மூன்று வருஷத்தில் கரண்ட் சரியானது. விளையாட்டு தானாக நின்றது. புளியமுத்து இருந்த கும்பாவில் அம்மா ஊசி நூல் போட்டு வைத்தாள்.

2019 ஜூன் 12, புதன்கிழமை விடியற்காலை, அப்பா கொல்லைப்பக்கம் போக எழுந்தவர் வாசற்படியில் சரிந்துவிட்டார். மூளையின் இடது பக்கம் ரத்தக்குழாய் அடைப்பு. வலது கையும் வலது காலும் விழுந்துவிட்டன, பேச்சு போய்விட்டது. ஒன்பது நாள் ஆஸ்பத்திரியில் இருந்துவிட்டு 21ஆம் தேதி வீட்டுக்குக் கொண்டுவந்து பட்டாசலில் கட்டில் போட்டுப் படுக்க வைத்தோம். காது கேட்டது, ஆள் தெரிந்தது. சொல் மட்டும் வரவில்லை. ஏதோ சொல்ல வாயெடுப்பார், "தா... தா..." என்று ஒரே ஒலி வரும், பிறகு கண் கலங்கும்.

அந்த முதல் இரண்டு நாள் நாங்கள் நடந்துகொண்ட விதத்தை நினைத்தால் இப்போதும் கூச்சமாக இருக்கிறது. கட்டிலைச் சுற்றி ஆறு பேர். "தண்ணி வேணுமாப்பா? காப்பியா? ஒண்ணுக்கு வருதா? வலிக்குதா? திருப்பிப் படுக்கணுமா?" ஒன்றுக்குப் பதில் வரும் முன் அடுத்தது. அவர் எல்லாவற்றுக்கும் தலையை ஆட்டுவார். தண்ணீர் கொடுத்தால் துப்புவார். வந்து பார்த்த சொந்தக்காரர்கள், காது கேட்காதவரிடம் பேசுவது மாதிரி கத்திப் பேசினார்கள்.

பேச்சுப் பயிற்சி கொடுக்க வந்த பெண் முதல் வேலையாக டிவியை அணைக்கச் சொன்னார். இதற்கு அஃபேசியா என்று பெயர், அறிவு போய்விடவில்லை, சொல்லுக்குப் போகிற வழிதான் அடைபட்டிருக்கிறது என்றார். ஒரு நேரத்தில் ஒருத்தர்தான் பேச வேண்டும், ஒரு கேள்விதான் கேட்க வேண்டும், கேட்டுவிட்டு மனதுக்குள் பத்து வரை எண்ண வேண்டும். அவர் சொன்னதில் எனக்குப் புதிதாக இருந்தது இதுதான்: இந்த நிலையில் "ஆமா"வும் "இல்லை"யும்கூட இடம் மாறிவிடும். இல்லை என்று நினைத்துக்கொண்டு ஆமா என்று தலையாட்டலாம். அதனால் முதலில் பதில் தெரிந்த கேள்வியைக் கேட்டுப் பாருங்கள், நான் உங்கள் மகளா, நாம் மதுரையிலா இருக்கிறோம் என்று. முக்கியமான எதையும் நேராக ஒருமுறை, தலைகீழாக ஒருமுறை கேளுங்கள். தலையாட்டுவதைவிடக் கை நம்பகம் என்றால் கையை வைத்துக்கொள்ளுங்கள். அப்பாவுக்கு இடது கை நன்றாக இருந்தது. கட்டை விரலைத் தூக்கினால் ஆமா, கையை மூடினால் இல்லை என்று வைத்தோம். பாதி நாளில் பழகிவிட்டார்.

23ஆம் தேதி ஞாயிற்றுக்கிழமை. காலையில் இருந்தே அப்பா இடது கையைத் தூக்கிச் சுவர்ப் பக்கம் காட்டிக்கொண்டிருந்தார். கை நடுங்கியதால் எதைக் காட்டுகிறார் என்று பிடிபடவில்லை. அந்தச் சுவரில் கடிகாரம் இருக்கிறது, ஃபேன் சுவிட்ச் இருக்கிறது, தாத்தா பாட்டி படம், முருகன் படம், ஜன்னல். ஃபேனைக் கூட்டினேன், கையை மூடினார். அம்மா விபூதி எடுத்துவந்து பூசினாள், முகத்தைத் திருப்பிக்கொண்டார். மாத்திரை நேரம் கேட்கிறார் என்று என் தம்பி மாத்திரையை எடுத்தான். அப்பா கட்டிலை ஓங்கித் தட்டினார்.

பெரியவள் அப்போது பிளஸ் டூ. எல்லாரையும் தள்ளிப்போகச் சொல்லிவிட்டுக் கட்டில் ஓரம் உட்கார்ந்தாள். சின்னவன் எதற்கு எழுந்து போனான் என்று தெரியவில்லை. திரும்பி வந்தபோது கையில் ஒரு பிடி புளியமுத்து.

"தாத்தா, நான் மட்டும் கேக்கேன். மெதுவா சொல்லுங்க. இது உங்க உடம்பு சம்பந்தப்பட்டதா?"

கை மூடியது. இல்லை. இரண்டு நாளாக ஆறு பேர் கேட்ட அத்தனை கேள்வியும் அந்த ஒரு "இல்லை"யில் விழுந்துவிட்டன. நோயாளி என்றால் நோயாளிக்கு வேண்டியதைத்தான் கேட்பார் என்று அத்தனை பேரும் கதவைச் சாத்திக்கொண்டிருந்தோம்.

"இங்க பட்டாசல்லயே இருக்கா?" ஆமா.

"படுத்திருக்கிற இடத்துல இருந்து உங்களுக்குத் தெரியுதா?" ஆமா.

"எடுத்து உங்க கையில தரணுமா?"

கொஞ்ச நேரம் யோசித்தார். இல்லை.

பெரியவள் நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். வேண்டும் என்று கேட்கவில்லை, அப்படியென்றால் வேறு என்ன? "அதுல எதாவது சரியில்லையா தாத்தா?" கட்டை விரல் விறைப்பாக எழுந்தது. தலைகீழாகவும் கேட்டாள்: "எல்லாம் சரியாத்தான இருக்கு?" கை மூடியது.

"நீங்க தினமும் தொடுறதா?" ஆமா.

சின்னவன் இதுவரை வாயைத் திறக்கவில்லை. குரல் உடைகிற வயசு. "தாத்தா," என்றான். "கீழ போட்டா சத்தம் கேக்குமா?"

அப்பாவின் வாய் ஒரு பக்கம் மட்டும் விரிந்தது. இடது உள்ளங்கையை மெதுவாக இப்படியும் அப்படியும் ஆட்டினார். பாதி.

அட்டையும் காகிதமும். விழுந்தால் ஒரு சின்னச் சத்தம். நாங்கள் எல்லாரும் ஒரே நேரத்தில் திரும்பினோம். கடிகாரத்துக்கும் முருகன் படத்துக்கும் நடுவில் காலண்டர் ஜூன் 11, செவ்வாய்க்கிழமை என்று காட்டிக்கொண்டிருந்தது. அவர் விழுந்த நாளுக்கு முந்தின நாள். அன்று காலையில் இருந்து அதை யாரும் கிழிக்கவில்லை. வீட்டில் அதைக் கிழிப்பது அவர் வேலை என்பதால் யாருக்கும் தோன்றக்கூட இல்லை.

இதற்குப் பிறகுதான் நாங்கள் கேட்கும் வரிசையை மாற்றி ஒரு அட்டையில் எழுதி ஒட்டினோம். முதல் கேள்வி, உடம்பா? அடுத்து, ஆளா? அதற்கடுத்து, சாமானா? கடைசியில், சேதியா? தண்ணீரையும் மாத்திரையையும் கேட்கிறார் என்று நாங்கள் நினைத்த பல நேரங்களில் அவர் கேட்டது சேதிதான். மின்சார பில் கட்டியாயிற்றா, அடுத்த தெரு வழக்கு என்னவாயிற்று, மழை பெய்ததா. எங்களைப் போன்ற நிலையில் இருக்கிற வீடுகளுக்கு நான் முதலில் சொல்வதும் இதைத்தான்: உடம்புக் கேள்வியை முதலில் கேட்டு முடித்துவிடுங்கள், ஆனால் அதிலேயே நின்றுவிடாதீர்கள். சாப்பாடு, காப்பி, கண்ணாடி, போர்வை என்று படம் ஒட்டிய அட்டையும் செய்தோம், அவர் அதை அவ்வளவாக விரும்பவில்லை. சிலருக்கு அது நன்றாகப் பயன்படுகிறது.

அந்த ஞாயிற்றுக்கிழமை, சின்னவன் காலண்டரை ஆணியில் இருந்து கழற்றிக் கொண்டுவந்து அப்பாவின் மடியில் வைத்துப் பிடித்துக்கொண்டான். அப்பா இடது கையால் ஒரு தாளின் ஓரத்தைப் பிடிக்கவே வெகுநேரம் ஆனது. முதல் தாள் கோணலாகக் கிழிந்தது.

"நான் மொத்தமா கிழிச்சிரட்டா தாத்தா? பன்னெண்டு தாள் இருக்கு."

கை மூடியது.

ஒவ்வொன்றாகத்தான் கிழித்தார். நடுவில் 16ஆம் தேதி ஞாயிற்றுக்கிழமையின் சிவப்புத் தாள் வந்தபோது கொஞ்சம் நிறுத்தி மூச்சு வாங்கினார். அம்மா கட்டில் கால்மாட்டில் உட்கார்ந்து, விழுந்த தாள்களை ஒவ்வொன்றாக எடுத்து, நாலாக மடித்துத் தன் மடியில் வைத்துக்கொண்டே வந்தாள்.